போரடிக்கிற மாடும் ஐந்து வாசிப்பு முறைகளும்

“போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக.” உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஒற்றை வரி. களத்தில் கதிரை மிதித்துச் சுற்றிவரும் மாடு நடுவே ஒரு வாய் கடித்துக்கொண்டால் கடித்துக்கொள்ளட்டும், வாய்க்கூடு போடாதே என்கிறது சட்டம். பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது இந்த வரியை எடுத்துக்கொண்டு, “தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?” என்று கேட்கிறார். நமக்காகத்தான் எழுதியிருக்கிறது, ஊழியம் செய்கிறவனுக்கு அதிலிருந்தே பிழைப்பு கிடைக்க வேண்டும் என்று முடிக்கிறார்.

எங்கள் புதன்கிழமை வேதபாட வகுப்பு இந்த இடத்தில்தான் நின்றுபோனது. கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் கேட்டான்: “மாட்டுக்குச் சொன்னதை மனுஷனுக்குன்னு எடுத்துக்கலாம்னா, எந்த வசனத்தையும் எப்படி வேணும்னாலும் எடுத்துக்கலாமே?” எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியவன் நான். சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பழைய ஏற்பாட்டை வாசிப்பதாகத் திட்டம். எந்த முறையில் வாசிப்பது என்று முடிவு செய்யாமல் இனி நகர முடியாது என்றாகிவிட்டது.

பவுலின் காலத்துக்குச் சற்று முன்னும், பின்வந்த சில நூற்றாண்டுகளிலும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் இதே வேதத்தை எப்படி வாசித்தார்கள் என்று பார்த்தால், முக்கியமாக ஐந்து முறைகள் தேறுகின்றன. ஐந்தையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டேன். எந்த முறையும் வண்டியை ஓட்டத்தான் செய்யும். அதில் பிரேக் இருக்கிறதா? வாசிக்கிறவன் தனக்குத் தோன்றியதை எல்லாம் வசனத்தின் வாயில் திணிக்கப் போகும்போது, ‘நில்’ என்று சொல்ல அந்த முறைக்குள்ளேயே ஏதாவது உண்டா?

அதற்கு முன் ஒன்றைத் தள்ளிவைத்துவிடுகிறேன். ‘பர்தேஸ்’ என்று நான்கு அடுக்குப் பொருள் சொல்லும் யூத முறை ஒன்று உண்டு. இயேசுவே இந்த முறையில்தான் போதித்தார் என்று யூடியூபில் அடித்துச் சொல்கிறார்கள். நான்கு அடுக்காக அதை வகுத்துப் பேசியது 13-ஆம் நூற்றாண்டை ஒட்டிய இடைக்கால யூத அறிஞர்கள். முதல் நூற்றாண்டுக் கலிலேயாவுக்கு அதைக் கொண்டுபோவது சரியில்லை.

சரி, முதலில் கும்ரானில் ஒதுங்கி வாழ்ந்த யூதக் கூட்டம். சாக்கடல் ஓரத்தில் 1947-இல் கிடைத்த முதல் சுருள்களில் ஒன்று ஆபகூக் புத்தகத்துக்கான விளக்கம். எபிரேயத்தில் இந்த வகைக்குப் ‘பெஷர்’ என்று பெயர். வசனத்தை எழுதுவார்கள், உடனே “இதன் பெஷர் என்னவென்றால்” என்று தொடங்கி அதைத் தங்கள் காலத்து ஆள் மேல் பொருத்துவார்கள். ஆபகூக் கல்தேயரைப் பற்றிச் சொன்னது இவர்களுக்குக் ‘கித்தீம்’ ஆகிவிடுகிறது. யார் அந்தக் கித்தீம்? எதிரி தன் வலைக்குப் பலியிடுகிறான் என்று ஆபகூக் எழுதிய இடத்தில், தங்கள் போர்க்கொடிகளுக்குப் பலியிடுகிறவர்கள் என்று பெஷர் எழுதுகிறது. ரோமப் படையைத்தான் சொல்கிறார்கள் என்று பிடித்துவிடலாம். இவர்களுடைய தலைவர் ‘நீதியின் போதகர்’. அவருக்கு எதிராளி ‘துன்மார்க்க ஆசாரியன்’. இருவருக்கும் பெயர் சொல்வதில்லை.

இந்தச் சுருளின் ஏழாவது பத்தியில் இருக்கிறது முழு ரகசியமும். கடைசித் தலைமுறைக்கு வரப்போவதை எழுதும்படி தேவன் ஆபகூக்கிடம் சொன்னாராம். ஆனால் காலம் எப்போது நிறைவேறும் என்பதை அவனுக்குச் சொல்லவில்லையாம். தீர்க்கதரிசிகளின் வார்த்தைகளில் உள்ள மறைபொருளை எல்லாம் நீதியின் போதகருக்குத்தான் வெளிப்படுத்தினாராம். அதாவது, எழுதியவருக்கே தெரியாதது எங்கள் தலைவருக்குத் தெரியும். இதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்?

பெஷரில் ஒரு விறுவிறுப்பு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து, “யோவேலினால் உரைக்கப்பட்டபடியே இது நடந்தேறுகிறது” என்று சொன்னதும் இதே ஓட்டம்தான். செய்தித்தாளையும் வேதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘இந்த மிருகம் இந்த நாடு, அந்தக் கொம்பு அந்தத் தலைவர்’ என்று கணக்குப் போடுகிற இன்றைய பிரசங்கங்களும் இதன் தூரத்துச் சொந்தங்கள். வாராந்தர வகுப்புக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். நடத்துகிறவனுக்கு மட்டும் வெளிச்சம் என்ற ஏற்பாட்டில் மற்ற ஏழு பேருக்கு ஆமென் சொல்வதைத் தவிர வேலை இருக்காது.

ஆபகூக்கை விடுவதற்கு முன் ஒரு வசனம்: “தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்.” பெஷர் இதை, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு நீதியின் போதகர் மேல் விசுவாசம் வைத்தவர்கள் தப்புவிக்கப்படுவார்கள் என்று வாசிக்கிறது. பவுல் இதே வசனத்தை நியாயப்பிரமாணத்தின் கிரியைகளுக்கு எதிராக நிறுத்துகிறார். யூதப் போதகர்களின் விவாதத் தொகுப்பான தால்மூதின் மக்கோத் பகுதியில் ரபீக்கள் வேறொரு கணக்குப் போடுகிறார்கள்: மோசேக்குக் கொடுத்த கட்டளை 613, தாவீது அதைப் 11-ஆகச் சுருக்கினான், ஏசாயா 6-ஆக, மீகா 3-ஆக, கடைசியில் ஆபகூக் இந்த ஒரே வசனத்தில் அடக்கிவிட்டான். ஒரே வரி ஒரு கூட்டத்துக்குத் தலைவர் மேல் பற்று, இன்னொருவருக்குக் கட்டளைகளுக்கு மாற்று, மற்றவர்களுக்குக் கட்டளைகளின் சாறு. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அது “என் விசுவாசத்தினால்” என்று மாறி, தேவனுடைய உண்மையைக் குறிக்கும்படி ஆகிவிட்டது. அந்தக் கல்லூரிப் பையனின் கேள்வி எவ்வளவு பழையது பாருங்கள்.

ரபீக்களின் முறைக்கு வருவோம். மித்ராஷ். தேடுதல், துருவிக் கேட்டல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். இதற்கு விதிகள் உண்டு. பழைய யூதப் போதகர் ஹில்லேலின் பெயரில் 7, ரபி இஸ்மவேலின் பெயரில் 13. முதல் விதி ‘கல் வஹோமெர்’, எளியதிலிருந்து பெரியதற்குப் போவது. சின்னதற்கே இப்படி என்றால் பெரியதற்குக் கேட்கவா வேண்டும்? வைணவ உரைகாரர்கள் கைமுதிக நியாயம் என்பது இதைத்தான். “பொல்லாதவர்களாகிய நீங்களே பிள்ளைகளுக்கு நல்லது கொடுக்கும்போது, பரமபிதா எவ்வளவு அதிகம் கொடுப்பார்” என்று இயேசு சொல்வது சுத்தமான கல் வஹோமெர். பவுலின் மாட்டு வசனத்தையும் இப்படியே வாசிக்கலாம்: மாட்டுக்கே இந்த உரிமை என்றால் உழைக்கும் மனிதனுக்கு? ரபீக்களும் விளைச்சலில் வேலை செய்யும் கூலியாள் அதிலிருந்து எவ்வளவு சாப்பிடலாம் என்று பேசும் இடத்தில் மாட்டையும் கூலியாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் விவாதிக்கிறார்கள். இந்த வழியில் போனால் மாடு தொலைந்துபோகாது. அது இருப்பதால்தான் வாதமே நிற்கிறது.

இரண்டாவது விதி ‘கெஸெரா ஷாவா’. இரண்டு வசனங்களில் ஒரே சொல் வந்தால் ஒன்றைக் கொண்டு மற்றதை விளக்கலாம். பஸ்கா ஆடு அடிக்க வேண்டிய நாள் ஒருமுறை ஓய்வுநாளிலேயே வந்துவிட்டது, அடிக்கலாமா கூடாதா என்று கேள்வி எழுந்தது. அன்றாடப் பலிக்கும் ‘குறித்த காலம்’ என்ற சொல் வருகிறது, பஸ்காவுக்கும் அதே சொல் வருகிறது, முந்தையதை ஓய்வுநாளில் செய்கிறோமே என்று ஹில்லேல் வாதாடினார். எருசலேம் தால்மூதின்படி நாள் முழுக்க வாதாடியும் எடுபடவில்லை. “ஷெமாயாவிடமும் அப்தலியோனிடமும் இப்படித்தான் கேட்டிருக்கிறேன்” என்று தன் குருமார்களைக் காட்டிச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார்கள். கெஸெரா ஷாவாவை ஒருவன் தன்னிஷ்டத்துக்குக் கட்டக் கூடாது, குருவிடம் பெற்றிருக்க வேண்டும் என்று தால்மூத் கட்டுப்போடுகிறது. பிரேக் என்று நான் சொன்னது இதுதான்.

தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்திருக்கிற எங்களுக்கு இந்த விதி ஒரு கண்ணிவெடி. சில இடங்களில் நன்றாக வேலை செய்யும். ரோமர் 4-இல் பவுல் ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக ‘எண்ணப்பட்டது’ என்பதையும், பாவத்தைக் கர்த்தர் ‘எண்ணாதிருக்கிற’ மனுஷன் பாக்கியவான் என்ற சங்கீதத்தையும் அந்த ஒரு சொல்லால் தைக்கிறார். தமிழிலும் அதே வினைச்சொல் என்பதால் தையல் தெரிகிறது. ஆனால் நோவாவின் ‘பேழை’யையும் குழந்தை மோசே கிடந்த ‘நாணற்பெட்டி’யையும் எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் இரண்டும் ‘தேவா’ என்ற ஒரே சொல், வேதத்தில் இந்த இரண்டு கதைகளில் மட்டுமே வருகிறது. தண்ணீரிலிருந்து காப்பாற்றப்பட்ட இரண்டு பேர், ஒரே சொல். தமிழில் அது மறைந்துபோகிறது. அதற்குப் பதில் மோசேயின் பெட்டியும் உடன்படிக்கைப் ‘பெட்டி’யும் ஒத்துப்போவதுபோலத் தெரிகிறது, எபிரேயத்தில் உடன்படிக்கைப் பெட்டிக்குச் சொல்லே வேறு. இந்தப் பெட்டிகளை இணைத்து நானே ஒருமுறை உருக்கமாகப் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் அழுதார்கள். இப்போது நினைத்தால் எனக்கும் அழுகைதான் வருகிறது, வேறு காரணத்துக்காக.

மித்ராஷின் பிரேக்குக்கு இன்னொரு கதை. எபிரேயத்தில் ‘எத்’ என்றொரு சிறு சொல் உண்டு. நம் இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’ செய்கிற வேலையைச் செய்யும். தனிப் பொருள் கிடையாது. ஷிமோன் ஹஅம்சோனி என்பவர் மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் வரும் ஒவ்வொரு ‘எத்’துக்கும் ஏதோ ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கவே அது வந்திருக்கிறது என்று பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். ‘உன் தேவனாகிய கர்த்தருக்குப் பயந்திரு’ என்ற வசனத்துக்கு வந்தார். அங்கேயும் ‘எத்’. கர்த்தரோடு கூட இன்னும் யாருக்குப் பயப்படுவது? நின்றுவிட்டார். அதுவரை சொன்ன அத்தனை விளக்கங்களையும் கைவிட்டார். சீடர்கள் பதறி, இத்தனை நாள் சொன்னதெல்லாம் என்ன ஆவது என்று கேட்டார்கள். “விளக்கம் சொன்னதற்குப் பலன் பெற்றதுபோல விலகியதற்கும் பலன் பெறுவேன்” என்றார். பிற்பாடு ரபி அகிவா வந்து, அந்த ‘எத்’ வேத அறிஞர்களைச் சேர்க்கிறது, அவர்களுக்கும் பயப்படு என்று பொருள் சொன்னார். கெட்டிக்காரத்தனமான பதில். எனக்கு ஷிமோனைத்தான் பிடிக்கிறது.

அடுத்தது ஞானார்த்தம், கதையில் வரும் ஆளையும் பொருளையும் வேறொரு கருத்தின் உருவகமாக எடுப்பது. கலாத்தியர் 4-இல் ஆகாரையும் சாராளையும் பற்றி, “இவைகள் ஞான அர்த்தமுள்ளவைகள்” என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறதே, அந்த முறை. கிரேக்கர்கள் ஹோமரை இப்படி வாசித்துப் பழகியிருந்தார்கள். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதரான ஃபைலோ மோசேயின் நூல்களை இப்படி வாசித்தார். அவருக்கு ஆகார் பள்ளிப்படிப்பு: இலக்கணம், வடிவியல், இசை. சாராள் ஞானம். ஆபிரகாம் நேரே ஞானத்தோடு பிள்ளை பெற முடியாததால் முதலில் பள்ளிப்படிப்போடு சேர்கிறான். பவுலுக்கு அதே ஆகார் சீனாய் மலை, அடிமைத்தனம். ஒரே பெண் ஒருவருக்குப் பள்ளிக்கூடம், இன்னொருவருக்கு மலை. வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று தள்ளிப்போய் உட்கார்ந்து அழுத ஆகார் இரண்டிலும் இல்லை.

இந்த முறைக்குப் பிரேக்கே இல்லை என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். ஃபைலோவைப் படித்தபோது கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஓய்வுநாளுக்கும் விருத்தசேதனத்துக்கும் உட்பொருள் தெரிந்துவிட்டது, இனி அவற்றை அனுசரிக்க வேண்டியதில்லை என்று சிலர் அவர் காலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபைலோ அவர்களைக் கண்டிக்கிறார். எழுத்து உடல், உட்பொருள் ஆத்துமா. ஆத்துமா குடியிருக்கும் வீடு என்பதால் உடலையும் பேண வேண்டும் என்கிறார். நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் அது முறைக்குள் இருந்து வரவில்லை, அவர் வாழ்ந்த வாழ்க்கையில் இருந்து வந்தது. கட்டளைகளை அனுசரிக்கிற சமூகத்தை விட்டு வெளியே வந்தவர்கள் கையில் அதே முறை எப்படி ஓடும் என்பதற்கு ஆதிக் கிறிஸ்தவ நூலான பர்னபாவின் நிருபம் சாட்சி. ஆபிரகாம் போருக்குக் கூட்டிப்போன 318 ஆட்களை எடுத்துக்கொள்கிறது அந்த நூல். கிரேக்கத்தில் 18-ஐ எழுதும் இரண்டு எழுத்துகள் இயேசுவின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். 300-ஐக் குறிக்கும் எழுத்து சிலுவை வடிவம். ஆபிரகாம் சிலுவையில் இயேசுவை முன்னறிந்தான்! ரபீக்களும் இதே 318-ஐ விடவில்லை. எபிரேயத்தில் ஆபிரகாமின் வேலைக்காரன் எலியேசரின் பெயரில் உள்ள எழுத்துகளைக் கூட்டினால் 318, ஆகவே போருக்குப் போனது எலியேசர் ஒருவனே. இரண்டு கணக்குமே சரியாக வருகிறது, அதுதான் சிக்கல்.

ஞானார்த்தத்தில் ஊறிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் அநியாயம். சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாள் எப்படி வரும் என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே நேராகக் கேட்டவர். எழுத்தின்படி எடுத்தால் இடறுகிற இடங்களை, நின்று ஆழமாகப் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. 137-ஆம் சங்கீதத்தின் கடைசியில் பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று வருகிறது. மனதில் புதிதாய்ப் பிறக்கும் கெட்ட எண்ணங்கள்தான் அந்தக் குழந்தைகள் என்கிறார் ஓரிகன். வாசிக்கிறவனுக்கு நிம்மதி. நாட்டையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து சபித்த அந்த மனிதனின் குரல் மட்டும் காணாமல் போகிறது. எங்கள் வகுப்பில் அந்தக் குரலைக் கேட்டு அதிர்ச்சி அடைவதையே விரும்புவேன்.

முன்னடையாளம் என்ற முறை தமிழ்ச் சபைகளுக்கு மிகப் பழக்கமானது. ஆதாம் “பின்பு வந்தவருக்கு முன்னடையாளமானவன்” என்று ரோமர் 5 சொல்கிறது. பஸ்கா ஆடு கிறிஸ்து, செங்கடல் ஞானஸ்நானம். ஞானார்த்தத்தைவிட இதில் தரை உண்டு, ஏனென்றால் முதல் நிகழ்ச்சி உண்மையாக நடந்தது என்று வைத்துத்தான் இரண்டாவதைப் பேச முடியும். ஆனால் 2-ஆம் நூற்றாண்டில் சர்தைச் சபையின் கண்காணி மெலித்தோ பஸ்காவைப் பற்றிச் செய்த பிரசங்கத்தைப் படித்தபின் எனக்குக் கை நடுங்குகிறது. சிற்பி முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ மாதிரி செய்கிறான். உண்மையான வேலை முடிந்ததும் மாதிரி பயனற்றதாகிறது என்கிறார். உவமை அழகுதான். இஸ்ரவேல் ஜனம்தான் அந்த மாதிரி என்று அவர் சொல்லும்போது அழகு போய்விடுகிறது. அதே பிரசங்கத்தின் கடைசிப் பகுதியில் தேவனைக் கொன்ற பழியை இஸ்ரவேல் மேல் சுமத்துகிறார். அந்தப் பழிச்சொல் யூதர்களுக்கு நூற்றாண்டுகளாக என்ன செய்தது என்று இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ‘மாதிரி’ என்று நாம் சொல்லும் மனிதர்கள் இன்னும் உயிரோடு அதே பஸ்காவை ஆசரிக்கிறார்கள் என்பதை மறக்காதவர்கள் மட்டும் இந்த முறையைத் தொடலாம்.

கடைசியாக அந்தியோகியா. 4-ஆம் நூற்றாண்டில் தர்சுவின் தியோதோரும் அவர் மாணவர் மொப்சுவெஸ்தியாவின் தெயொதோரும் ஞானார்த்தக்காரர்களோடு மல்லுக்கு நின்றார்கள். வசனம் யாருக்கு, எந்தச் சூழலில், எந்த இலக்கண ஓட்டத்தில் சொல்லப்பட்டது என்று முதலில் பார் என்பது இவர்கள் பள்ளி. பவுல் ‘ஞானார்த்தம்’ என்ற சொல்லை ஆண்டாலும் ஆகாரின் வரலாற்றை அழிக்கவில்லை, ஒப்பிட்டுத்தான் காட்டுகிறார் என்று தெயொதோர் வாதாடினார். பிரேக் வலுவாக உள்ள முறை. சில நேரம் பிரேக்கிலிருந்து காலே எடுக்க மாட்டார்கள்: கிறிஸ்துவைப் பற்றிய தீர்க்கதரிசனம் என்று அவர் ஒப்புக்கொண்ட சங்கீதங்கள் நான்குதான். அவர் இறந்தது 428-இல். 553-இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் அவரைச் சபித்தது. கிழக்குச் சிரிய சபையோ அவரை ‘வியாக்கியானி’ என்றே இன்றும் அழைக்கிறது.

நேர்ப்பொருள் என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 144-ஐ ஒட்டி ரோமச் சபையை விட்டு வெளியேறிய மார்க்கியோன் ஞானார்த்தமே கூடாது, எழுதியிருப்பதை எழுதியபடி வாசி என்றவர். அப்படி வாசித்து, இந்தக் கோபக்காரத் தேவன் இயேசுவின் பிதா அல்ல என்று முடிவுகட்டி, பழைய ஏற்பாட்டையே தூக்கிப் போட்டுவிட்டார்.

ஆக, நான் எடுத்த முடிவு இது. முதல் அரை மணி அந்தியோகியா: யார், யாரிடம், எப்போது, முந்தின வசனம் என்ன. அப்புறம் மித்ராஷ், அதுவும் கேள்வி கேட்பதற்கு மட்டும். ‘இந்தச் சொல் இங்கே ஏன்?’, ‘சின்னதற்கே இப்படி என்றால் பெரியதற்கு?’ என்று ஆளுக்கொரு கேள்வி. சொல் ஒற்றுமையை வைத்து யாராவது வாதம் கட்டினால், எபிரேயத்திலும் அதே சொல்தானா என்று பார்த்துவிட்டு வரும்வரை அது நிலுவையில் இருக்கும். முன்னடையாளம் புதிய ஏற்பாடே காட்டும் இடங்களில் மட்டும். ஞானார்த்தம் அவரவர் வீட்டுத் தியானத்துக்கு. அங்கே யாருக்கும் தீங்கில்லை. பெஷர் கிடையாது. தனியாகப் பிரசங்கம் தயாரிக்கிறவருக்கு இந்தக் கலவை ஒத்துவராமல் போகலாம். மித்ராஷுக்குக் குறுக்கே பேச ஆள் வேண்டும்.

போன புதன்கிழமை மாட்டு வசனத்திலிருந்தே மறுபடி தொடங்கினோம். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒரு ஆச்சி, எழுபது தாண்டியவர். களத்தில் மாடு போரடித்ததைக் கண்ணால் பார்த்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். சில வீடுகளில் வாய்க்கூடு போடுவார்கள் என்றும், தன் அப்பா போட விடமாட்டார் என்றும் சொன்னார். “தின்னா எவ்வளவு திங்கும்? நாலு வாய். அதைத் தடுத்தா மாடு சுத்துற நேரமெல்லாம் வாய்க்கூட்டை உதறிக்கிட்டே இருக்கும், வேலை ஓடாது.” பிறகு பவுலின் கேள்வியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“பவுலு மாடு கீடு வச்சிருந்தாராய்யா?”

“இல்லை ஆச்சி. கூடாரம் செய்கிற தொழில்.”

“அதான் பார்த்தேன்” என்றார்.